இறங்கி வந்து எழுதாதவர்

மெர்ஸா ஜைத்தூனில் செத்துப்போவது சுலபம். செத்துவிட்டதாக வளையத்தை ஒப்புக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு.

நெஜியாவின் புருஷன் தாஹர் தண்ணீர்க் கோபுரத்திலிருந்து விழுந்து, மண்ணுக்குள் போய், ஒரு நோன்பு கழிந்துவிட்டது. ஒருநாள் காலை அவள் முலூக்கியாக் கீரைப் பொடியை எண்ணெயில் கலக்கிக்கொண்டிருந்தபோது ஜன்னலோரப் பெட்டி பச்சையாக மினுக்கியது. செய்தி வந்திருந்தது.

"சமன் தாஹர் அவர்களுக்கு. கோபுர ஆன்டெனா வேலை நெடுநாளாக உங்கள் கையிலேயே இருக்கிறது. தாமதத்துக்கு விளக்கம் தரவும். அன்புடன், வளையம்."

அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். எண்ணெய் ஆறும்வரை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வளையம் நல்ல காரியமாகத்தான் ஆரம்பித்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம். கம்பெனிக்காரன் இந்த மீன்பிடி ஊருக்கு லைன் இழுக்க மாட்டேன் என்றான். அரசாங்கம் அடுத்த வருஷம் என்றது, ஒவ்வொரு வருஷமும். சரிதான் போ என்று ஊர்க்காரர்களே ஆளுக்கொரு பெட்டி வாங்கி, மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு, வீட்டுக்கு வீடு சேதியைத் தாண்டவிட்டார்கள். பெண்கள் மாடிச் சுவருக்கு மேலாக உப்பும் சீரகமும் கைமாற்றுவதைப் போலத்தான். நடுவில் ஆபீஸ் கிடையாது, முதலாளி கிடையாது. யாரையும் உறுப்பினர் என்றுகூடச் சொல்லக்கூடாது, எல்லாரும் 'சமன்'.

பிடித்தது சனி, பொதுவேலையை எழுதிவைக்க வேண்டும் என்று யாரோ கிளப்பியபோது. யார் கம்பம் நட்டார்கள், யார் பேட்டரி மாற்றினார்கள் என்பதெல்லாம் பதிவில் ஏறியது. பதிவு ஓரிடத்தில் இருக்காது. ஒவ்வொரு வீட்டுப் பெட்டியிலும் ஒரு நகல் இருக்கும், ஒருதரம் ஏறினால் அழியாது. தோள்மேல் உட்கார்ந்து வானவர்களான மலக்குமார்கள் எழுதும் பாவக்கணக்குகூட மனசார மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்தால் அழிந்துபோகும். வளையத்தின் பதிவுக்கு அந்த வசதி இல்லை.

பிறகு சட்டங்கள் முளைத்தன. ஒருவர் கையில் எடுத்த வேலையை இன்னொருவர் தொடக்கூடாது. வேலை முடிந்தால் இறங்கி வந்து, தன் வீட்டுப் பெட்டியிலிருந்து, 'முடிந்தது' என்று எழுத வேண்டும். மூன்று சமன்களைச் சாட்சியாகக் குறிக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைவரை அவர்கள் வாய் திறக்காவிட்டால் சாட்சி சொன்னதாகவே அர்த்தம். யாராவது எதிர்த்தால், கண்ணால் கண்ட ஒரு சமன் முன்வந்து எழுதினாலொழிய அந்த எதிர்ப்பு உடையாது. பெட்டி பதில் சொல்லும்வரை அதன் சமன் உயிரோடிருக்கிறார். வேலை கையில் இருக்கும்போது பெட்டி அணைந்தால், பெயருக்கு எதிரே 'கைவிட்டார்' என்று தானாக விழுந்துவிடும்.

நெஜியாவைக் கட்டிப்போட்டது அந்தக் கடைசிச் சட்டம்தான்.

மெர்ஸா ஜைத்தூனில் ஒருவனைக் குடிகாரன் என்று சொல்லலாம், கடன்காரன் என்று சொல்லலாம், சிரித்துக்கொண்டே போய்விடுவான். கைவிட்டவன் என்று சொல்லக்கூடாது. வலை கனத்து, மற்றவர்கள் இழுத்துக்கொண்டிருக்கையில் கயிற்றை விட்டவனுக்குத்தான் அந்தப் பெயர். அவன் பேரப்பிள்ளைக்குக்கூடப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். தாஹர் பெயரோடு அந்தச் சொல் ஊரின் அத்தனை வீட்டிலும் அழியாமல் நிற்பதை அவளால் பொறுக்க முடியாது. அதனால் பெட்டியை அணையவே விடவில்லை. கரண்ட் போனால் அவருடைய மோட்டார் சைக்கிள் பேட்டரியைத் தூக்கிவந்து மாட்டுவாள்.

அந்த வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பழைய எண்ணெய்ச் செக்குக் கொட்டகைக்குப் போனாள். வளையம் அங்கேதான் கூடும். நாற்காலி போட்டால் ஒருவன் தலைவனாகிவிடுவான் என்பதால் எல்லாருக்கும் பாய்தான். லமீனின் பாய் மட்டும் மூன்று பாய் கனத்தில் இருந்தது. அது முதுகுவலிக்காக என்று பதிவில் இருக்கிறது.

லமீன் நல்ல ஆகிருதி. சிவப்பு செஷியா தொப்பியைச் சரியாக நடு நெற்றியில் நிறுத்தியிருப்பான். வளையத்தில் அவனுக்குப் பதவி ஏதும் கிடையாது, 'அக்கறையாளர்' என்று சொல்லிக்கொள்வான்.

"இங்க தலைவர்னு ஒருத்தரும் இல்ல," என்று ஆரம்பித்தான். "இதைச் சொல்றதுக்கு எனக்கு மட்டும்தான் உரிமை இருக்கு, அதனால சொல்றேன். யார் வேணா பேசலாம். நான் கைகாட்டினதும் பேசலாம்."

நெஜியாவுக்குக் கைகாட்டினான்.

"அண்ணே, என் வீட்டுக்காரர் வேலையை முடிக்கலைன்னு சேதி வந்திருக்கு," என்றாள். "அவர் மேல ஏறினப்போ ஊர்ல யார் வீட்லயும் வளையம் வேலை செய்யலை. அன்னைக்குச் சாயங்காலம் எல்லார் வீட்லயும் வந்துச்சு. முடிக்காமலா வந்துச்சு?"

"வேலை செய்யறது வேற, வேலை முடியறது வேற தங்கச்சி. அவர் இறங்கி வந்து எழுதினாரா?"

"இறங்கித்தான் வந்தாரு. எழுதுற மாதிரி வரலை."

கொட்டகையில் யாரோ இருமினார்கள். மருந்துக்கடை ஷாத்லி, வாயில் எப்போதும் ஒரு ஏலக்காயை ஒதுக்கிவைத்திருப்பவர், தரையைப் பார்த்துக்கொண்டார்.

"விழுந்து மவுத்தானாரு அண்ணே. அடக்கத்தன்னைக்கு நீங்களும்தான் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தீங்க. அதை எழுதுங்க. வேலையை முடிச்சிட்டு விழுந்தாருன்னு எழுதுங்க, போதும்."

லமீன் கண்ணை மூடித் திறந்தான். "தோள் கொடுத்தது லமீன். இங்க உட்கார்ந்திருக்கறது அக்கறையாளர். ரெண்டையும் குழப்பிக்கக்கூடாது. சரி, நீ விழுந்தாருங்கற. கோபுரத்துக்குப் பாதுகாப்புக் கயிறு வாங்கியாச்சுன்னு பதிவுல இருக்கு. நானே எழுதினேன், மூணு சமன் சாட்சி. கயிறு இருக்கும்போது மனுஷன் எப்படி விழுவான்?"

"அந்தக் கயித்தை யாராச்சும் கண்ணால பார்த்திருக்கீங்களா?"

"பதிவுல பார்த்தோமே."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். மெர்ஸா ஜைத்தூனில் அதைக் கறிவைத்து, பரிமாறி, ஏப்பமும் விட்டாயிற்று. கயிறு இருப்பதாகப் படித்துத்தான் தாஹரும் கோபுரத்தடியில் போய் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை, வேறு யாராவது எடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்து அப்படியே ஏறிவிட்டார். 'முடித்துவிட்டு விழுந்தார்' என்று எழுதினால் கயிறு எங்கே என்ற கேள்வி பின்னாலேயே வரும் என்பது நெஜியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கொட்டகையில் இருந்த அத்தனை பேருக்கும் அது முன்பே உறைத்திருந்தது.

"அப்ப வேற யாராச்சும் மேல ஏறிப் பார்த்துட்டு வாங்க," என்றாள்.

"முடியாதே. வேலை இன்னும் தாஹர் கையில இல்ல இருக்கு! சமன் ஒருத்தர் எடுத்த வேலையில அடுத்தவன் கைவைக்கறது அநாகரிகம்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் கோபுரத்தில் ஏற யாருக்கும் ஆசையில்லை.

அதற்குப் பிறகுதான் விபரீதம் தொடங்கியது. ஒரு வாரம் கழித்து மத்தியான வேளையில் பெட்டி மினுக்கியது. 'சமன் தாஹர், லமீனின் பம்பு அறைக் கம்பி வேலைக்கு நீங்கள் சாட்சியாகக் குறிக்கப்பட்டிருக்கிறீர்கள்.' வெள்ளிக்கிழமை வந்தது. தாஹர் எதிர்க்கவில்லை. சாட்சி சொன்னதாக ஏறிவிட்டது. மறுநாள் இன்னொன்று. அதன்பின் ஒருநாளைக்கு இரண்டு, நாலு என்று வந்துகொண்டே இருந்தது.

ஊர் கண்டுபிடித்துவிட்டது. உயிரோடிருக்கிற சாட்சியென்றால் டீ வாங்கிக் கொடுக்க வேண்டும், அவன் மாடிக்கு வந்து கம்பியை இழுத்துப் பார்ப்பான், நொட்டை சொல்வான். தாஹர் அப்படியில்லை. நடாத கம்பத்துக்கும் சாட்சி சொன்னார், மாற்றாத பேட்டரிக்கும் சாட்சி சொன்னார். உயிரோடிருந்தபோது ஒரு திருகாணி வளைந்திருந்தாலும் மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சண்டை போட்ட மனிதர் அவர்.

நெஜியாவுக்கு வீட்டில் இருக்கவே பயமாக இருந்தது. ஒவ்வொரு மினுக்கலுக்கும் கண் தானாக அந்தப் பக்கம் போனது. பச்சை வெளிச்சம் அவர் தொப்பி மாட்டுகிற ஆணிமேல் விழும், போகும். சில நாள் அவளே அறியாமல், "வந்துட்டீங்களா?" என்று கேட்டுவிடுவாள். கேட்ட பிறகு உடம்பெல்லாம் கூசும். ஒரு தடவை கோபம் வந்து பெட்டியை உலுக்கினாள். "ஏன் எல்லாத்துக்கும் சரி சரிங்கறீங்க? வேணாம்னு சொல்லத் தெரியாதா? வாய் இருந்த மனுஷன்தானே நீங்க!" பெட்டி இன்னொரு தரம் மினுக்கியது. யாரோ வீட்டு மாடிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததற்கு சாட்சியாம்.

தாஹரோடு நிற்கவில்லை. அவருக்கு ஒரு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்த ஹாஜி ஸாதோக்கின் பெட்டியும் அவர் வீட்டில் எரிந்துகொண்டிருந்தது. அவர் மகன் பிரான்சில், மார்செய் நகரத்தில் வேலை பார்க்கிறான். மருமகள் மப்ரூக்கா மட்டும் அந்த வீட்டில் இருந்தாள். இன்னும் சில வீடுகளில் கிழவர்கள் காலமானபோது லமீன் நேரில் போய் ஆறுதல் சொல்லிவிட்டு, கிளம்பும்போது கதவருகில் நின்று, "பெட்டியை மட்டும் அணைச்சிடாதீங்கம்மா, அவர் நினைவா இருக்கட்டும்," என்றான். அடக்கமான, பேச்சில்லாத சமன்கள் நாளுக்கு நாள் பெருகினார்கள்.

கூட்டத்துக்கு ஆள் சேராத குறையும் அதோடு தீர்ந்தது. வராதவர்களின் பெட்டியை வீட்டிலிருந்து வாங்கிவந்து அவரவர் பாயில் வைப்பது என்று வழக்கமாயிற்று. நெஜியா ஒரு வெள்ளிக்கிழமை பேட்டரியோடு தாஹரின் பெட்டியை ஏந்திக்கொண்டு உள்ளே போனபோது வாசலிலேயே நின்றுவிட்டாள். ஜன்னலில்லாத கொட்டகை. வளையத்தின் முக்கால்வாசிப் பாய்களில் பெட்டிகள். எல்லாம் ஒன்றுபோல மினுக்கிக்கொண்டிருந்தன. நடுவே அங்கங்கே நாலைந்து மனிதர்கள், அந்தப் பச்சை வெளிச்சம் முகத்தில் பட்டு, அவர்களும் அசையாமல் இருந்தார்கள். யார் எந்தப் பக்கத்து ஆள் என்று சட்டென்று புரியவில்லை.

அன்று தாஹருக்குச் 'சிறந்த சமன்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

"தாஹரைப் பார்த்துக் கத்துக்கணும்," என்றான் லமீன். குரல் தழுதழுத்தது. "இந்த வருஷம் பூரா ஒரு எதிர்ப்பு சொல்லியிருப்பாரா? ஒரு கூட்டத்துல குறுக்க பேசியிருப்பாரா? கணக்கு கேட்டிருப்பாரா? எல்லா சமனும் இவரை மாதிரி ஆயிட்டா இந்த வளையம் எங்கயோ போயிடும்! அந்த நாள் வரணும்னுதான் நான் பாடுபடறேன்."

மனிதர்கள் கைதட்டினார்கள். பெட்டிகள் எதிர்க்கவில்லை.

நெஜியா சான்றிதழை வாங்கிக்கொண்டாள். "இவ்வளவு நல்லவரோட கையில இருக்கற ஒரே ஒரு வேலைக்கு முடிஞ்சுதுன்னு எழுதிடறேன் அண்ணே. யாரும் எதிர்க்காதீங்க," என்றாள். கெஞ்சித்தான் சொன்னாள்.

"அவர் எழுதட்டும் தங்கச்சி. அவர் பெட்டி, அவர் உரிமை. சட்டம் யாரையும் தடுக்கறதில்ல."

அன்று சாயங்காலமே தாஹரின் பெட்டியிலிருந்து, 'கோபுர ஆன்டெனா வேலை முடிந்தது' என்று அவளே எழுதினாள். ஊர் செய்கிறதைத் தானும் செய்வோம் என்று, காலமான மூன்று பேரைச் சாட்சியாகக் குறித்தாள். ஹாஜி ஸாதோக் அதில் முதல் பெயர். இறந்தவர் பெயரில் எழுதுகிறோமே என்று பாதியில் நிறுத்தினாள். ஆனால் இந்த ஊரில் அவளுக்கு எதிராகப் பேசாதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

மறுநாள் விடிந்ததும் எதிர்ப்பு வந்தது. 'அவர் இறங்கி வந்து எழுதியதாக நான் நம்பவில்லை. லமீன், அக்கறையாளர்.'

நெஜியா அழவில்லை. அழுது ஓய்ந்துபோயிருந்தாள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் 'கைவிட்டார்' என்று எழுதிவிடப் போகிறார்கள் என்று ஷாத்லி மருந்து கட்டிக் கொடுக்கும்போது காதோடு சொன்னார். "என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. எங்க மாடியில இல்லாத ரெண்டு கம்பம் பதிவுல நிக்குது. அதுக்கு லமீன்தான் சாட்சி," என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் தாஹரின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். லமீன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச வாயெடுத்த நேரத்தில் எல்லாப் பெட்டிகளும் ஒரே சமயத்தில் மினுக்கின. புதுப் பதிவு ஒன்று ஏறியிருந்தது. ஷாத்லி கைபேசியைக் கண்ணருகே பிடித்து வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் குரல் இறங்கியது.

"கண்ணால் கண்ட சாட்சி. தாஹர் ஆன்டெனாவை நிமிர்த்தினார். திருகாணியை இறுக்கினார். சாமானை இடுப்புப் பையில் போட்டார். அதன் பிறகுதான் விழுந்தார். இடுப்பில் கயிறு இல்லை. சமன் ஸாதோக்."

ஒருவர் ஹாஜியின் பாயிலிருந்து தன் பாயை மெதுவாக நகர்த்திக்கொண்டார். ஹாஜியின் பாய் அன்றைக்குக் காலி. அந்தப் பெட்டியை அந்த வாரம் யாரும் வாங்கி வரவில்லை.

லமீன் வெளிறிப்போனான். "ஹாஜி... ஹாஜி தாஹருக்கு முன்னாடியே மவுத்தாயிட்டாரே! எப்படிப் பார்ப்பாரு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு எட்டியது.

ஷாத்லி ஏலக்காயைத் துப்பினார். பல வருஷமாக வாயில் ஒதுக்கியிருந்ததையே துப்பியதுபோல இருந்தது. "மவுத்தான ஆள் சாட்சி செல்லாதுன்னா சொல்லிடுங்க லமீன். உங்க பம்பு அறைக்கு யார் சாட்சி? தாஹர். போன மாசம் வாங்கின பேட்டரிக்கு? ஹாஜி. உங்களை மறுபடி அக்கறையாளரா வெச்ச கூட்டத்துல பாதிப் பாயில யாரு உட்கார்ந்திருந்தாங்க? செல்லாதுன்னா எல்லாமே செல்லாது. முதல்லேருந்து வருவோமா?"

லமீன் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தான். அவை மினுக்கிக்கொண்டிருந்தன. நடு நெற்றியில் இருந்த தொப்பி நழுவிக் காதுமேல் வந்ததை அவன் கவனிக்கவில்லை.

"ஹாஜிக்குக் கண் பார்வை எப்பவுமே கூர்மை," என்றான் கடைசியில். "எதிர்ப்பை வாபஸ் வாங்கறேன். கயிறு விஷயத்தை ஒரு குழு பார்க்கட்டும். குழுவுல தாஹரையும் போடுங்க."

தாஹரின் பெயருக்கு எதிரே 'முடிந்தது' என்று விழுந்தது. நெஜியா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். சந்தோஷம் வரவில்லை. செத்தவர் எழுந்துவந்து சொல்லியிருக்கிறார் என்று கொட்டகை முழுக்க முணுமுணுத்தது. நேராக வீட்டுக்குப் போகாமல் அவள் ஹாஜியின் வீட்டுக்குப் போனாள்.

மப்ரூக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்து தண்ணீர்க் கோபுரம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. நெஜியாவைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த போர்வை தரையில் விழுந்தது.

"நீதானா?" என்றாள் நெஜியா.

"என்னை யாரும் கேட்கலையே அக்கா. எந்த சமன் பார்த்தாங்கன்னுதான் கேட்டாங்க. வீட்டுக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு ஆம்பளை. நான் யாரு?" அவள் கோபுரத்தைக் காட்டினாள். "ஊரே வெயிலுக்குத் தூங்கிட்டிருந்துச்சு. நான் இங்கதான் துணி போட்டுட்டிருந்தேன். அவர் வேலையை முடிச்சிட்டு, நிமிர்ந்து, இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினாரு. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. வேலை முடிஞ்ச சந்தோஷத்துல ஆட்டியிருப்பாரு. அப்ப எனக்குத் தோணலை. புருஷன் ஊர்ல இல்லாதவ, ஒரு ஆம்பளை கையாட்டினான், இவ பார்த்துட்டு நின்னான்னு பேசுவாங்களேன்னு முகத்தைத் திருப்பிக்கிட்டேன் அக்கா. திரும்பிப் பார்த்தப்போ மேல யாருமில்ல."

நெஜியா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை ஆட்டலை ஒன்றரை வருஷமாக மப்ரூக்கா தனியாகச் சுமந்திருக்கிறாள் என்று நினைத்ததும் அவள்மேல் கோபப்படவும் முடியவில்லை. கீழே கிடந்த போர்வையை இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்துக் கயிற்றில் போட்டார்கள். கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனா ஒரு பக்கமும் சாயாமல் நின்றிருந்தது.

வீட்டுக்கு வந்து நெஜியா பெட்டியின் கம்பியைப் பிடுங்கினாள். கையில் வேலை எதுவும் இல்லாததால் பதிவில் எதுவும் விழவில்லை. பச்சை வெளிச்சம் ஆணிமேல் ஒருதரம் விழுந்து, பிறகு விழவில்லை. அவள் பெட்டியைத் துணியில் சுற்றி அவருடைய தொப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுநாள் காலையில் கதவைத் தட்டினார்கள். லமீன் நின்றிருந்தான், பின்னால் ஷாத்லியும் இன்னும் இரண்டு பேரும்.

"என்ன தங்கச்சி, தாஹர் பதிலே சொல்ல மாட்டேங்கறாரே! உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"மவுத்தாயிட்டாரு."

லமீன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். "இன்னா லில்லாஹி... எப்போ?"

"நேத்து. அஸர் தொழுகைக்கு அப்புறம்."

"யா அல்லா! நேத்து காலைலகூட ஒருத்தருக்குச் சாட்சி சொன்னாரே! கயிறு குழுவுலகூட சேர்த்தோமே, மறுப்பே சொல்லலையே!"

அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. நடிப்பென்று சொல்ல முடியாது. வளையத்தில் அவனுக்கு அவ்வளவு உதவியாக இருந்தவர்கள் வேறு யாருமில்லை. உடன் வந்தவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள். மத்தியானத்துக்குள் பக்கத்து வீடுகளிலிருந்து குஸ்குஸ் தட்டுகள் வரத் தொடங்கின. முதல் சாவுக்குக் கொடுத்த அதே ஆட்களே இரண்டாவது தடவையும் கொடுத்துவிட்டு, நல்ல மனுஷன், சட்டென்று போய்விட்டார் என்று சொல்லிப் போனார்கள்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா தங்கச்சி?" என்று கேட்டான் லமீன்.

நெஜியா திறந்திருந்த கதவு வழியாகக் கோபுரத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொல்லலை. கையை ஆட்டினாரு. வேலையை முடிச்சிட்டுத்தான் போனாரு."

லமீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கவளம் குஸ்குஸை வாயில் போட்டான்.

"அது எங்களுக்குத் தெரியாதா தங்கச்சி?" என்றான். "பதிவுலயே இருக்கே."